அரிசியில் கல்

கேட் வரைக்கும் போய்விட்டு அப்பா திரும்பி வந்துகொண்டிருந்தார். இன்னும் கோபம் ஏறவில்லை, நடையைப் பார்த்தாலே கோகிலத்துக்குத் தெரிந்துவிடும், ஏறினால் இடது தோள் முதலில் முன்னால் வரும், இப்போது இரண்டு தோளும் சமமாகத்தான் இருந்தன, வேட்டி நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் யாரையோ பார்க்கப் போய் அவர் வீட்டில் இல்லாமல் திரும்பிவருகிற மனிதரைப்போல வந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்திருந்தது. மேற்கு மலை இவ்வளவு பக்கத்தில் நிற்கிற இந்த ஊரில் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறது, கோயமுத்தூருக்குள் இன்னும் பட்டப்பகலாக இருக்கும், இங்கே நிழல் விழுந்துவிடும். வராந்தா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்தபடி அவள் அந்த நிழல் முற்றத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தாள், பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், திரும்பவும் பார்த்தாள். இந்த மறதி நோய் வந்ததிலிருந்து நிழல் விழ விழத்தான் அவருக்கு ஆரம்பிக்கும். முதலில் "நேரமாச்சு" என்பார். அப்புறம் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்ப்பார். அப்புறம் கேட். கேட் பூட்டியிருக்கும். போன வாரம் தடுக்கப்போன, இல்லத்தில் உதவிக்கு இருக்கும் செல்வியின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார், அந்தப் பெண் இன்றைக்கும் கையில் கட்டோடுதான் வார்டுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கிறாள், "பரவால்லீங்கக்கா, அவரென்ன வேணும்னா பண்ணாரு" என்று அவள் சிரித்தது கோகிலத்துக்கு இன்னும் கூச்சமாக இருந்தது, திட்டியிருந்தால் தேவலை. இன்னொரு தடவை யார் மேலாவது கை வைத்தால் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடுமையாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அந்த மாத்திரை, ஆளை அடக்கிப்போடுகிறது. முன்னால் இருந்த இல்லத்தில் கொடுத்தார்கள். அப்பா சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தார், வாயோரத்தில் எச்சில் வழிந்தது, சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்துபோனார், ஒருநாள் பாத்ரூம் போகிற வழியில் அப்படியே சாய்ந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டார். தையல் போட்ட தழும்பு இப்போதும் புருவத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்த முதல் வாரம், அவர் சத்தம் போடாமல் இருந்த முதல் வாரம், அப்பாடா என்று இருந்ததே எனக்கு, என்று நினைத்தவள், அந்த நினைப்பை ஒரு ஈயை விரட்டுவதுபோல விரட்டினாள், அது கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துகொண்டது.

தெரியாதுங்க. அப்படித்தான் சொன்னாள். ஜெசிந்தா கேட்டபோது ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வந்தது அந்தச் சொல். ஜெசிந்தா இந்த இல்லத்தில் மாத்திரைக்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறவள், நாற்பதைத் தாண்டியவள், முழங்கால் வலியோடு நொண்டி நொண்டி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவாள், எதையும் முழு நிச்சயமாகச் சொல்லமாட்டாள். "எல்லாருக்கும் சாயங்காலம்தாங்க கஷ்டம், ஆனா எல்லாருக்கும் ஒரே காரணம் இல்ல" என்று முதல் நாளே சொன்னாள். ரங்கசாமி என்று ஒருவர் ஊரையே ஏசிக்கொண்டிருந்தாராம், எத்தனையோ செய்துபார்த்து, கடைசியில் காலுறை இறுக்கம் என்று கண்டுபிடித்தார்களாம், கழற்றினதும் ஏச்சு நின்றுவிட்டதாம். கமலவேணியம்மா பெரியாஸ்பத்திரி நர்ஸாக இருந்தவர், கூடை நிறையத் துண்டுகளைக் கொடுத்துவிட்டால் மடித்து அடுக்கிக்கொண்டு யாரையும் தொந்தரவு செய்யமாட்டார், அதோ வராந்தாவின் அந்தக் கோடியில் மடித்துக்கொண்டிருக்கிறார், மடித்ததை எல்லாம் செல்வி உள்ளே கொண்டுபோய்க் கலைத்துத் திரும்பக் கொண்டுவருவாள். அப்பாவுக்கு எதுவும் ஒட்டவில்லை. காதில் பாட்டு வைத்தார்கள், பிடுங்கிப் போட்டார். கைக்கு எண்ணெய் தடவி நீவிவிட்டார்கள், "எதுக்குத் தொடறே" என்றார். மில்லில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர்தானே என்று கோகிலம்தான் ஒரு பழைய ஸ்விட்ச் போர்டும் ஸ்குரூ டிரைவரும் வாங்கிவந்து கொடுத்தாள், ரொம்பப் பெருமையாகக் கொடுத்தாள், அவர் அதைத் தள்ளிவிட்டு, "ஷிப்டு முடிஞ்சு போச்சு. இன்னும் வேலை பாக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினார். அது ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டது. "ஷிப்டு முடிஞ்சதும் எங்க போவாருங்க? நேரா வீட்டுக்கா? நேரமாச்சு நேரமாச்சுங்கறாரு, எங்கன்னு சொல்லமாட்டேங்கறாரு. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குதுங்களா?" தெரியாதுங்க. நான் அப்ப சின்னப் பொண்ணு. அந்த இரண்டாவது வாக்கியம் எதற்கு. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் பொய்யாக மட்டும் இருந்திருக்கும், இரண்டாவதைச் சேர்த்ததால்தான் கேட்பவளுக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கும், ஜெசிந்தா ஒரு வினாடி அவளைப் பார்த்துவிட்டு "சரிங்க" என்றாளே, அந்தச் சரிங்க. பூனாவில் இருக்கிற தம்பிக்கு நிஜமாகவே தெரியாது, அவன் அப்போது தொட்டிலில் கிடந்தான், பிறகும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. வீட்டில் தெரிந்தவர்கள் மூன்று பேர். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குத் தெரிகிறதா இல்லையா என்பது அப்பாவுக்கே தெரியாது. மிச்சம் நான்.

அப்பா பெஞ்சருகில் வந்து நின்றார், அவளைப் பார்த்தார், "நீங்க யாரைப் பாக்கோணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். "உங்களத்தானுங்கப்பா" என்றாள். தலையாட்டிவிட்டுத் திரும்பிக் கேட்டைப் பார்த்து நடந்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் அதே முதுகுதான், சட்டை மட்டும் தொளதொளவென்று ஆகிவிட்டது, அந்த முதுகு தெருமுனை திரும்புவதைத்தான் அவள் சின்னதிலிருந்து பார்த்திருக்கிறாள். மில் சங்கு ஊதும், கொஞ்ச நேரத்தில் சைக்கிள் வரும், அப்பா முகம் கழுவுவார், அம்மா துவைத்த சட்டையை எடுத்துக் கொடியில் போடுவாள், கையில் கொடுக்கமாட்டாள், கொடியில் போடுவாள், அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். அப்பா எங்கம்மா? அங்க. அந்த வீட்டுக்கு அம்மா வைத்திருந்த பேர் அது ஒன்றுதான். அங்க போயிருக்காரு, அங்கிருந்து வரட்டும். ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஓடு, அங்க போய் அப்பாவக் கூட்டிட்டு வா, மில் குவார்ட்டர்ஸ்ல ரெண்டாவது லைன், வேப்பமரத்து வீடு" என்றாள். அம்மாவுக்கு வீடு தெரிந்திருந்தது. மரம்கூடத் தெரிந்திருந்தது. அதை அன்றைக்கு யோசிக்கவில்லை, பத்து வயதில் யார் யோசிக்கிறார்கள், ஓடினாள், செருப்பில்லாமல் ஓடினாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள், அவன் பிழைத்துக்கொண்டான், அதெல்லாம் இருக்கட்டும், திரும்பத் திரும்ப மனசு போய் நிற்பது அந்த வாசலில்தான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அப்பா பனியனோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு முறம். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் சுலோச்சனா. மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் வேலை செய்தவள், கறுப்பாக, ஒல்லியாக, அப்படியொன்றும் அழகில்லை, அவளும் ஒரு தட்டை வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், யார் அதிகம் பொறுக்கினது என்று ஏதோ போட்டி போல, அப்பா சிரித்துக்கொண்டு ஒரு கல்லை அவள் பக்கம் சுண்டிவிட்டார். அப்பா. வீட்டில் குடித்த தம்ளரை நகர்த்தி வைக்கமாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் கையை நீட்டுவார். அம்மா ராத்திரி விளக்கடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தனியாகப் பொறுக்குவாள், ஒரு கல் தப்பிப் பல்லில் பட்டால் தட்டை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். அந்த மனிதர் இங்கே. இன்னொரு பெண்ணைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு நாள் தங்கியிருக்காது, அது வேறு விதமான விஷயம், வளர்ந்தபின் புரிந்துபோகும், மறந்தும்போகும். கல் பொறுக்கியதை எப்படி மறப்பது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அவசரத்தில், மூச்சுவாங்க நின்றவளுக்கு அந்தப் பெண் ஒரு தம்ளர் காப்பி கொடுத்தாள், வரக்காப்பி, கருப்பட்டி போட்டது, அவள் குடித்தாள். நன்றாக இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏதாவது குடுத்தாளா என்று அம்மா கேட்டாள், இல்லை என்றாள். அப்படியானால் பொய் அங்கிருந்தே ஆரம்பித்திருக்கிறது, ஜெசிந்தாவிடம் சொன்னது புதிதில்லை, அதே பொய்தான், இத்தனை வருஷத்தில் ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

யாருக்காகக் காப்பாற்றுகிறேன். அம்மாவுக்காக என்றுதான் நினைத்திருந்தாள். அம்மா செத்த பிறகும் அம்மாவின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டாமா, இந்த இல்லத்தில் நாலு பேர் கூடி, ஐயாவுக்கு எது பிடிக்கும், அங்கே என்ன செய்வார், அவளைப் பற்றிப் பேசினால் முகம் மலர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, அம்மா எங்கே போவாள், அம்மா செய்த எதுவும் அவருக்கு மருந்தாக ஆகவில்லையா, இத்தனை வருஷம் வடித்த சோறு, துவைத்த சட்டை. ஆனால் அப்படி நினைக்கும்போதெல்லாம் அந்த இன்னொரு நாளும் கூடவே வந்து நிற்கிறது. சுலோச்சனா செத்துப்போன நாள். கோகிலம் அன்றைக்குப் பிரசவத்துக்கு வந்து அம்மா வீட்டில் இருந்தாள், மில்லில் வேலை செய்த யாரோ வந்து வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள், அம்மா கேட்டுக்கொண்டாள். மத்தியானம் அப்பா வந்தார். எங்கே போய்விட்டு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, செருப்பில் சுடுகாட்டு மண் இருந்தது, முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே வரப்போனவரை அம்மா, "அங்கயே நில்லுங்க" என்றாள். கொல்லைப்பக்கம் அண்டாவில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அதை எப்போது பற்றவைத்தாள் என்று கோகிலத்துக்குத் தெரியாது. "தலைக்கு ஊத்திட்டு உள்ள வாங்க" என்றாள் அம்மா, துண்டைக் கொடியில் போடவில்லை, கையில் கொடுத்தாள். அவர் குளித்தார், ரொம்ப நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நடுவில் நின்றது, திரும்பக் கேட்டது. அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். சாவு வீட்டுக்குப் போய் வந்த மனிதருக்கு வெந்நீர் வைத்தாள். அம்மா அந்தச் சாவை ஒத்துக்கொண்டாள் என்றால், அதற்கு முந்தின வாழ்க்கையையும் ஏதோ ஒரு விதத்தில், இல்லை, அப்படிச் சொல்ல எனக்கென்ன உரிமை, அம்மா மன்னித்தாள் என்று நான் சொல்லக் கூடாது, வெந்நீர் வைத்தாள், அவ்வளவுதான் சொல்லலாம். ஆனால் வெந்நீர் வைத்தாளே.

"நேரமாச்சு." கேட்டருகில் குரல் உயர்ந்தது. கோகிலம் நிமிர்ந்தாள், நிழல் முற்றம் முழுக்க வந்துவிட்டிருந்தது, அவள் கவனிக்கவே இல்லை. அப்பா பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "தொறங்க. போகோணும். நேரமாச்சுங்கறேன்." காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஐயா, நாளைக்குப் போலாமுங்க" என்றார், அது தப்பு, நாளைக்கு என்ற சொல் அவரை எப்போதும் இன்னும் கிளப்பிவிடும். இடது தோள் முன்னால் வந்தது. வார்டிலிருந்து செல்வி கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, ஆனாலும் வேகமாக வந்தாள், பயந்துகொண்டே வருகிறாள், பயம் தெரியாமல் இருக்க ஏதோ பேசிக்கொண்டே வருகிறாள். அவள் கிட்டே போகும் முன்னால் போக வேண்டும். கோகிலம் எழுந்தாள், கைப்பை கீழே விழுந்தது, அப்பாவிடம் போகவில்லை, ஜெசிந்தாவின் அறைக்கு ஓடினாள். இந்த வயதில், சேலை தடுக்க, ஓடினாள். "சொல்லாம விட்டுட்டேனுங்க" என்றாள் வாசலிலேயே. "வேற ஒரு வீடு இருந்துச்சு. சாயங்காலம் அங்கதான் போவாரு." சொல்லிவிட்டாள். ஒன்றும் இடிந்துவிழவில்லை. ஜெசிந்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், முகத்தில் ஆச்சரியமும் இல்லை, தெரிந்ததுதான் என்ற பாவனையும் இல்லை. "அங்க போய் என்ன பண்ணுவாருங்க?" என்று மட்டும் கேட்டாள். "அரிசியில கல்லு பொறுக்குவாரு." "கல்லு பொறுக்குவாரா?" "ஆமாங்க." "அரிசிதான, இருக்குது, வாங்க."

சமையலறையில் அரிசி இருந்தது, எவர்சில்வர் தட்டு இருந்தது, முறம்கூடப் பழையது ஒன்று பரண்மேல் கிடந்தது. கல் இல்லை. இந்தக் காலத்து அரிசியில் கல் எங்கே இருக்கிறது, மூட்டையிலேயே மிஷினில் சலித்து வருகிறது, கோகிலம் முறத்தில் கொட்டி விரலால் கிளறினாள், மல்லிகை மொட்டுப் போல ஒரே வெள்ளை, ஒரு கல், ஒரு உமி, ஒன்றும் இல்லை. "உளுந்து கலந்துக்கலாமுங்களா? வாயில போட்டுக்கிட்டாலும் பயமில்ல" என்றாள் ஜெசிந்தா. கலந்தார்கள். வெளியே கேட்டருகில் அப்பாவின் சத்தமும் செல்வியின் கெஞ்சலும் கேட்டன. கோகிலம் முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கண்ணுக்குப் படுகிற இடத்தில், வராந்தாப் படியில் உட்கார்ந்தாள், அப்பா என்று கூப்பிடவில்லை, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, முறத்தில் அரிசியைப் புடைத்தாள். அந்தச் சத்தத்துக்கு அவர் தலை திரும்பியது. பூட்டிலிருந்து கை இறங்கியது. வந்தார், குனிந்து பார்த்தார், ஒரு உளுந்தை விரல் நுனியில் எடுத்தார், அவளை இளக்காரமாகப் பார்த்தார். "இது கல்லா? இது உளுந்து." திரும்பவும் கேட்டைப் பார்த்தார். கோகிலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, மூளையில் என்னென்னவோ அழிந்துபோயிருக்கிறது, மகள் போய்விட்டாள், வீடு போய்விட்டது, கல்லுக்கும் உளுந்துக்கும் வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. முறத்தைப் படியில் வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கினாள், வண்டி வருகிற பாதையில் பரப்பியிருந்த சரளையில் மண்டியிட்டுப் பொடிக்கல்லாகப் பொறுக்கினாள், வெள்ளையாக, அரிசி அளவுக்கு, ஏமாற்றுகிற மாதிரிக் கல், ஜெசிந்தாவும் குனியமுடியாமல் குனிந்து இரண்டு கொண்டுவந்தாள், குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, அரிசியில் போட்டுக் கலந்தார்கள். "வாயில போடாம பாத்துக்கோணுமுங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்றாள் ஜெசிந்தா. "இது பலிக்குமான்னு எனக்கும் தெரியலைங்க."

அவர் நின்றுகொண்டே ஒரு கல்லை எடுத்தார். பிறகு ஒன்று. பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தார், முறத்தைத் தன் பக்கம் இழுத்தார், கோகிலத்தின் கையில் ஒரு தட்டு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை என்றதும் கொண்டுவரச் சொல்லித் தலையால் சைகை காட்டினார், செல்வி ஓடிப்போய் ஒன்று கொண்டுவந்தாள், அதில் பாதி அரிசியை அவரே தள்ளிக் கொடுத்தார். நகம் வளர்ந்த, நடுங்குகிற விரல்கள், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகத் தடுமாறுகிற விரல்கள், அரிசியின்மேல் போனதும் நிதானமாகிவிட்டன. "கடைக்காரன் மோசம் புள்ள" என்றார். புள்ள. அம்மாவை அவர் இந்தா என்பார், மகளைக் கோகி என்பார். புள்ள என்றது அந்த வேப்பமரத்து வீட்டு ஆளை. அந்த ஆளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் தட்டு என் கையில் இருக்கிறது, அம்மா பார்த்தால், பார்க்கட்டும், அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கட்டும். "ஆமாங்க" என்றாள், அப்பா என்பதை விழுங்கிக்கொண்டு. வார்டில் விளக்குப் போட்டார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பொறுக்கினார்கள், அவர் கை வாய்ப்பக்கம் போகிறதா என்று ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் கை நின்றது. இருட்டைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார். "நேரமாச்சு. நான் வரேன். கோகி முழிச்சிட்டிருக்கும்." தூணுக்குக் கையை நீட்டினார். "நான் போய்க் கதவத் தட்டினாத்தான் கண்ண மூடும் அது. தூங்கற மாதிரி படுத்திருக்கும், தூங்காது. எனக்குத் தெரியும்." போர்வைக்குள் கண்ணை இறுக்கிக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தத்துக்காகக் காத்துக்கிடந்த ராத்திரிகள், அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தது, அவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்த வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண்ணும் கேட்டிருக்கிறாள், அப்படியானால் தினமும் இந்த நேரத்தில் இவர் கேட்டைப் பிடித்து உலுக்கியது அங்கே போகவா, அங்கிருந்து வரவா, இத்தனை நாளாக எதைத் தெரியாது என்று சொன்னேன் நான், எனக்குத்தான் தெரியவில்லையே. செல்வி எழுந்து கையை நீட்டப் போனாள், ஜெசிந்தா வேண்டாம் என்று தடுத்தாள். அப்பா தூணைப் பிடித்து அரைவாசி எழுந்துவிட்டிருந்தார். "கோகி தூங்கிட்டாளுங்க" என்றாள் கோகிலம். அவர் திரும்பினார். "தூங்கிருச்சா?" "நல்லாத் தூங்கிட்டா. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்." அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிரிந்த புருவம் ஒருமுறை சுருங்கி விரிந்தது, பிறகு உடம்பு முழுக்க ஒரு மூச்சு இறங்கியது. "நீ பாத்தயில்ல." "பாத்தனுங்க." "செரி" என்று உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டார். இன்னும் இரண்டோ மூன்றோ கல்தான் அதில் மிச்சம் இருந்தது. கோகிலம் பேசிக்கொண்டே, அவர் பொறுக்கி ஒதுக்கியிருந்த குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து, அவர் பார்க்காதபோது அரிசிக்குள் விட்டாள்.